ஃபயர்வாலில் அசெட் ஸ்கேனுக்கு ஐபி ரேஞ்ச் அமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெட்வொர்க்கில் என்னென்ன கருவிகள் (அசெட்) இருக்கின்றன என்று ஃபயர்வால் தேடிப் பட்டியலிடுவதுதான் அசெட் ஸ்கேன். அதற்கான மெனுவின் பெயர் ஒவ்வொரு நிறுவனத்தின் ஃபயர்வாலிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஒன்றில் அசெட் டிஸ்கவரி, இன்னொன்றில் டிவைஸ் ஐடென்டிஃபிகேஷன், வேறொன்றில் வெறும் நெட்வொர்க் ஸ்கேன். எந்தப் பட்டனை அழுத்துவது என்பதற்கு அந்தந்தக் கையேட்டைப் பாருங்கள். அங்கே ஐபி ரேஞ்ச் (முகவரி வரம்பு) கேட்டு வரும் காலிப் பெட்டியில் எந்த முகவரிகளை எழுதுவது, எதை எழுதக்கூடாது, எழுதியபின் வரும் முடிவை எவ்வளவு நம்புவது என்பதுதான் இங்கே பேச்சு.

அசெட் ஸ்கேன் என்ற பெயரில் ஃபயர்வால் உண்மையில் என்ன செய்கிறது?

இரண்டு வேறு வேலைகள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதால்தான் பாதிக் குழப்பம். முதலாவது, தன் வழியாகப் போகும் டிராஃபிக்கைக் கவனித்துக்கொண்டே, இந்த ஐபியில் ஒரு விண்டோஸ் கணினி இருக்கிறது, அந்த ஐபியில் ஒரு கேமரா இருக்கிறது என்று ஊகிப்பது. கருவி தனக்கு ஒரு ஐபி கேட்டு அனுப்பும் டிஎச்சிபி கோரிக்கையில் இருக்கும் விவரம், மேக் முகவரியின் (கருவியின் நெட்வொர்க் கார்டுக்கு உரிய எண்) முதல் பாதி, இந்த மாதிரித் துப்புகள் போதும் அதற்கு. யாருக்கும் ஒரு பாக்கெட்கூட அனுப்பப்படுவதில்லை. இரண்டாவது, ஃபயர்வாலே ஒவ்வொரு முகவரிக்கும் பாக்கெட் அனுப்பி, பதில் வருகிறதா, எந்தப் போர்ட் (ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண் வாசல்) திறந்திருக்கிறது என்று பார்ப்பது. ரேஞ்ச் கொடுக்கும் விஷயம் இரண்டாவதில்தான் முக்கியம். ஏனென்றால் அங்கேதான் நீங்கள் எழுதிய முகவரிகளுக்கெல்லாம் உண்மையிலேயே பாக்கெட் போகிறது.

ரேஞ்ச் கொடுக்காமல் விட்டால் தானாகக் கண்டுபிடிக்காதா?

சில ஃபயர்வால்கள் தங்கள் இன்டர்ஃபேஸ்களில் நேரடியாக இருக்கும் சப்நெட்களை (நெட்வொர்க்கின் முகவரித் துண்டுகள்) தாமாக எடுத்துக்கொள்ளும். ஆனால் ஃபயர்வாலுக்குப் பின்னால் ஒரு கோர் சுவிட்ச் (மற்ற சுவிட்சுகள் வந்து சேரும் மையச் சுவிட்ச்), அதற்குப் பின்னால் பத்து வீலேன் (நெட்வொர்க்கைப் பிரித்த தனிப் பிரிவுகள்) என்று இருந்தால், ஃபயர்வாலின் இன்டர்ஃபேஸில் தெரிவது அந்த சுவிட்சோடு பேசும் ஒரு சின்ன /30 (இரண்டு கருவிக்கு மட்டும் இடமுள்ள சப்நெட்; / குறிக்குப் பின் வரும் எண் பெரிதாக ஆக சப்நெட் சின்னதாகும்) மட்டும். அதை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு "இரண்டு கருவிகள் கிடைத்தன" என்று சொல்லும். அப்படி ஒரு முடிவைப் பார்த்தால் ஸ்கேனைக் குறை சொல்ல வேண்டாம், அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தனிப்பட்ட முகவரிகள் மூன்றையும் அப்படியே போட்டுவிட்டால் எல்லாம் அடங்கிவிடுமே?

அடங்கும். அதுதான் தொல்லை. 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணையத் தர ஆவணம் உள் நெட்வொர்க்குக்கென்று ஒதுக்கிய மூன்று தொகுதிகள் 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. முதலாவதில் மட்டும் 1,67,77,216 முகவரிகள். இரண்டாவதில் 10,48,576. மூன்றாவதில் 65,536. நொடிக்கு 100 முகவரி என்ற வேகத்தில் வெறும் பிங் (இருக்கிறாயா என்று மட்டும் கேட்கும் பாக்கெட்) போட்டாலே முதல் தொகுதியை முடிக்க 46 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதிலும் போர்ட் பார்ப்பது என்று இறங்கினால் கணக்கு எங்கேயோ போய்விடும். தினசரி ஸ்கேன் என்று அட்டவணை போட்டிருப்பீர்கள், நேற்றையது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

நேரம்கூடப் பரவாயில்லை என்று வைத்துக்கொள்வோம். பலரும் யோசிக்காத இன்னொன்று இருக்கிறது. உங்களிடம் 10.20.0.0/16 மட்டும்தான் இருக்கிறது, நீங்கள் 10.0.0.0/8 முழுவதையும் எழுதுகிறீர்கள். 10.77.5.1-க்கு ஒரு பாக்கெட் கிளம்புகிறது. ஃபயர்வாலின் ரௌட்டிங் டேபிளில் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியல்) அதற்கு வழி இல்லை. அப்புறம் என்ன, தனி வழி இல்லாததற்கெல்லாம் டிஃபால்ட் ரௌட் இருக்கிறதே, அதன் வழியாக இணைய சேவை நிறுவனத்தின் பக்கம் வெளியே போகும். பெரும்பாலும் அங்கே தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஆனால் அந்த நிறுவனமும் தன் உள்ளே 10-இல் தொடங்கும் முகவரிகளை வைத்திருந்தால், யாரோ ஒருவரின் ரௌட்டர் பதில் சொல்லி உங்கள் அசெட் பட்டியலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நீங்கள் அவர்களை ஸ்கேன் செய்வதாகத்தான் தெரியும். ஸ்கேன் செய்கிறீர்களோ இல்லையோ, இந்த மூன்று தொகுதிகளுக்கும் ஃபயர்வாலில் ஒரு பிளாக்ஹோல் ரௌட் (வரும் பாக்கெட்டை அப்படியே தூக்கிப் போடும் வழி) போட்டு வைப்பது நல்ல பழக்கம். உண்மையில் இருக்கும் சப்நெட்டுக்கு அதைவிடக் குறிப்பான ரௌட் இருப்பதால் அது பாதிக்கப்படாது, இல்லாதது வெளியே கசியாது.

சரி, அப்படியானால் எந்தெந்த ரேஞ்ச் என்று எங்கே போய்த் தேடுவது?

நினைவிலிருந்து எழுதாதீர்கள். மூன்று வருடத்துக்கு முன்பு யாரோ போட்ட எக்செல் கோப்பிலிருந்தும் எழுதாதீர்கள். நெட்வொர்க்கே சொல்லும் இடங்கள் சில இருக்கின்றன, அங்கிருந்து எடுங்கள்.

முதலில் ரௌட்டிங் டேபிள். ஃபயர்வாலில் ஒன்று, கோர் சுவிட்சில் ஒன்று. இரண்டிலும் இருக்கும் உள் சப்நெட்களை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாதது கட்டாயம் ஒன்றிரண்டு கிடைக்கும். அடுத்தது டிஎச்சிபி சர்வரில் இருக்கும் ஸ்கோப்கள் (கருவிகளுக்குக் கொடுக்க ஒதுக்கிய முகவரி வரம்புகள்). ஆனால் ஸ்கோப்பின் தொடக்க முகவரி, கடைசி முகவரி என்று இருப்பதை அப்படியே ஸ்கேன் ரேஞ்சாக எடுக்கக்கூடாது, ஏனென்றால் சர்வர், பிரிண்டர், சுவிட்ச் எல்லாம் ஸ்கோப்புக்கு வெளியே நிலையான முகவரியில்தான் இருக்கும். ஸ்கோப் .50 முதல் .200 வரை என்றால் முழு /24-ஐயும் எடுங்கள். மூன்றாவது, ஃபயர்வாலின் டிராஃபிக் லாக். கடந்த ஒரு மாதத்தில் உள்ளிருந்து கிளம்பிய சோர்ஸ் முகவரிகளை /24 வாரியாகச் சேர்த்துப் பார்த்தால், யாருக்கும் தெரியாமல் ஒரு சோதனை அறையில் யாரோ வைத்த சப்நெட் அதில் எட்டிப்பார்க்கும். என்னைக் கேட்டால் மூன்றில் லாக்தான் நேர்மையான சாட்சி. மற்ற இரண்டும் எப்படி இருக்க வேண்டும் என்று யாரோ எழுதி வைத்தது, இது நடந்தது.

இப்படி எடுத்த ஒவ்வொரு ரேஞ்சுக்கும் பக்கத்தில் அது என்ன, யாருடைய பொறுப்பு என்று ஒரு வரி எழுதுங்கள். பெரும்பாலான ஃபயர்வால்களில் முகவரி ஆப்ஜெக்ட்டுக்கு (பெயர் வைத்துச் சேமித்த முகவரி) குறிப்பு எழுத ஒரு பெட்டி இருக்கும், யாரும் நிரப்புவதில்லை.

எந்த வடிவத்தில் எழுத வேண்டும்? சிஐடிஆரா, தொடக்கம்-முடிவா?

பொதுவாக மூன்று வடிவத்தையும் ஏற்கும்: 192.168.10.0/24 (இதுதான் சிஐடிஆர்), 192.168.10.20-192.168.10.200, அல்லது தனி முகவரி. முழு சப்நெட் என்றால் சிஐடிஆர் எழுதுங்கள், படிக்கச் சுலபம். நடுவில் ஒரு பகுதி மட்டும் என்றால் ஹைஃபன் போட்ட வடிவம். இரண்டையும் ஒன்றாக்கப் பார்த்தால் தலைவலிதான்: மேலே சொன்ன 20 முதல் 200 வரையை சிஐடிஆரில் சரியாக எழுத .20/30, .24/29, .32/27, .64/26, .128/26, .192/29, .200/32 என்று ஏழு துண்டு வேண்டும்.

அதிகம் நடக்கும் பிழை, தொகுதியின் தொடக்கம் தவறாக இருப்பது. 192.168.1.0/23 என்று எழுதினால் 1-உம் 2-உம் வரும் என்று நினைப்பார்கள். வராது. /23 இரட்டை எண்ணில்தான் தொடங்கும், எனவே அது 192.168.0.0 முதல் 192.168.1.255 வரை. சில ஃபயர்வால்கள் பிழை என்று சொல்லி நிறுத்தும், சில சத்தமில்லாமல் 0.0/23 என்று திருத்திக்கொள்ளும். சத்தமில்லாமல் திருத்துவதுதான் ஆபத்து, உங்கள் 2-ஆம் சப்நெட் பட்டியலிலேயே இருக்காது, ஆனால் ஸ்கேன் "வெற்றி" என்று முடியும்.

இன்னொன்று, சில கருவிகளில் சப்நெட்டின் அளவைச் சொல்லும் மாஸ்க்கைத் தலைகீழாக, அதாவது 255.255.255.0-க்குப் பதில் 0.0.0.255 என்று கேட்பார்கள். எந்த இடத்தில் எது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சேமித்தபின் "மொத்தம் இத்தனை முகவரி" என்று ஃபயர்வால் எண்ணிக்கை காட்டினால் அதைக் கட்டாயம் பாருங்கள். /24-க்கு 254 அல்லது 256, /22-க்கு 1022 அல்லது 1024. வேறு ஏதாவது வந்தால் எழுதியதில் கோளாறு.

.0, .255 முகவரிகளை விட்டுவிடலாமா?

/24-இல் விடலாம், அவை நெட்வொர்க் முகவரியும் பிராட்காஸ்ட் (சப்நெட்டில் எல்லோருக்கும் அனுப்பும்) முகவரியும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் விடாதீர்கள். 192.168.0.0/23-இல் 192.168.0.255-உம் 192.168.1.0-உம் சாதாரண முகவரிகள், அங்கே ஒரு கணினி இருக்கலாம்.

எதையெல்லாம் விலக்கு பட்டியலில் போட வேண்டும்?

இந்தக் கேள்விக்கு மற்றவற்றைவிட அதிக நேரம் ஒதுக்குங்கள். எதைச் சேர்த்தோம் என்பதில் தவறினால் ஒரு கருவி பட்டியலில் வராது, அவ்வளவுதான். எதை விலக்கினோம் என்பதில் தவறினால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு இயந்திரம் நின்றுவிடலாம்.

தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் முதலில். பிஎல்சி (இயந்திரத்தை இயக்கும் சிறு கணினி) போன்றவற்றில் இருக்கும் நெட்வொர்க் மென்பொருள் மிகவும் எளிமையானது, எதிர்பாராத பாக்கெட் வந்தால் திணறிவிடும். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் வெளியிட்ட 800-82 வழிகாட்டியில் இதற்கு இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறார்கள். ஒரு இடத்தில் சாதாரணப் பிங் ஸ்வீப் போட்டபோது சும்மா நின்றுகொண்டிருந்த 3 மீட்டர் ரோபோ கை திடீரென்று 180 டிகிரி சுழன்றிருக்கிறது. இன்னொரு இடத்தில் சிப் தயாரிக்கும் ஆலையில் ஒரு கட்டுப்பாட்டு அமைப்பு உறைந்துபோய் 50,000 டாலர் மதிப்புள்ள வேஃபர்கள் (சிப் செய்யும் தகடுகள்) வீணாகின. இரண்டிலும் போனது வெறும் பிங், போர்ட் ஸ்கேன்கூட இல்லை. ஆகவே அந்த வீலேன்களை முழுவதாக விலக்கிவிட்டு, டிராஃபிக்கைக் கவனித்து அறியும் முதல் முறையை மட்டும் அங்கே பயன்படுத்துங்கள். மருத்துவக் கருவிகள் இருக்கும் சப்நெட்டுக்கும் இதே நியாயம்தான்.

பிரிண்டர்கள் அடுத்து. 9100 போர்ட்டில் என்ன வந்தாலும் அதை அச்சடிக்க வேண்டிய தாளாகவே பிரிண்டர் எடுத்துக்கொள்ளும். ஸ்கேனர் "நீ யார், எந்த மென்பொருள்" என்று கேட்டு அனுப்பும் எழுத்துகள் காகிதம் காகிதமாக வெளியே வந்து விழும். என்மேப் என்ற ஸ்கேன் மென்பொருள் இதற்காகவே சேவை வகை கண்டறியும்போது 9100 முதல் 9107 வரையான போர்ட்களைத் தானாகத் தவிர்க்கிறது. உங்கள் ஃபயர்வாலின் ஸ்கேன் அப்படிச் செய்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பிரிண்டரையே விலக்க வேண்டாம், அந்தப் போர்ட்டை மட்டும் விலக்கினால் போதும்.

அப்புறம் விபிஎன் பயனர்களுக்குக் கொடுக்கும் முகவரித் தொகுதி, ஹை அவைலபிலிட்டி ஜோடி (ஒன்று விழுந்தால் மற்றது வேலையை ஏற்கும் இரண்டு ஃபயர்வால்கள்) தங்களுக்குள் பேசும் ஹார்ட்பீட் இணைப்பு, ஸ்டோரேஜ் நெட்வொர்க். இவற்றை ஸ்கேன் செய்து கிடைப்பது குறைவு, தொந்தரவு அதிகம். டாக்கர் (மென்பொருள்களைத் தனித்தனிக் கூடுகளில் ஓட்டும் அமைப்பு) ஓடும் சர்வர்களில் 172.17.0.0/16 இருக்கும், அது அந்த சர்வருக்குள்ளேயே அடங்கியது, வெளியிலிருந்து ஸ்கேன் செய்து எதுவும் தெரியப்போவதில்லை.

விலக்கியதை விலக்கியதாகவே விட்டுவிடக்கூடாது என்பதும் உண்டு. ஒவ்வொரு விலக்குக்கும் காரணமும் மறுபடி பார்க்க வேண்டிய தேதியும் எழுதுங்கள். தவறான செயல் செய்பவர் ஒளிந்துகொள்ள மிகவும் வசதியான இடம், யாரும் பார்க்காத அந்த விலக்குப் பட்டியல்தான்.

ஸ்கேன் முடிந்தது, எல்லாக் கருவிக்கும் ஒரே மேக் முகவரி காட்டுகிறது. ஏன்?

மேக் முகவரி ஒரு வீலேனைத் தாண்டி வராது. உங்கள் வீலேன்களுக்கு கேட்வே (வெளியே போகும் வாசல்) கோர் சுவிட்ச் என்றால், ஃபயர்வாலுக்கு வரும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் சோர்ஸ் மேக் அந்த சுவிட்சுடையதுதான். ஸ்கேன் ரேஞ்சை எப்படி மாற்றி எழுதினாலும் இது தீராது. ஃபயர்வாலே வீலேன்களுக்கு கேட்வேயாக இருந்தால் ஏஆர்பி (ஐபியைச் சொல்லி அதன் மேக்கைக் கேட்கும் முறை) மூலம் உண்மையான மேக் கிடைக்கும். இல்லையென்றால், ஃபயர்வாலில் வசதி இருந்தால், கோர் சுவிட்சின் ஏஆர்பி டேபிளை எஸ்என்எம்பி (நெட்வொர்க் கருவிகளிடம் விவரம் கேட்கும் முறை) வழியாக வாசிக்கச் சொல்லுங்கள். எஸ்என்எம்பி பதிப்பு 3, படிக்க மட்டும் அனுமதி. "பப்ளிக்" என்ற பழைய கம்யூனிட்டி பெயரோடு (கடவுச்சொல் மாதிரி) பதிப்பு 2-ஐத் திறந்து வைக்காதீர்கள்.

இதை முதலில் சரிசெய்யாவிட்டால் இன்னொரு சங்கடம் வரும். ஃபயர்வால் மேக்கை வைத்துக் கருவியை அடையாளம் காண்கிறது என்றால், முந்நூறு கருவிகளையும் ஒரே கருவி என்று ஒட்டி வைத்துவிடும்.

கருவி ஓடிக்கொண்டிருக்கிறது, ரேஞ்சிலும் இருக்கிறது, ஆனால் பட்டியலில் வரவில்லை.

பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருக்கும். விண்டோஸின் சொந்த ஃபயர்வால் உள்வரும் பிங்கை இயல்பாகவே தடுக்கும். பிங்கை மட்டும் நம்பும் ஸ்கேன் அந்தக் கணினியை இல்லை என்று முடிவு கட்டிவிடும். ஒரே வீலேனில் ஏஆர்பி மூலம் கேட்டால் தப்ப முடியாது, பதில் சொல்லியே ஆக வேண்டும். வேறு வீலேன் என்றால் 443, 445, 22, 3389 மாதிரி சில டிசிபி போர்ட்களையும் சேர்த்துத் தட்டிப்பார்க்கும் அமைப்பு இருந்தால் போடுங்கள். பிங் கட்டத்தையே தவிர்த்து எல்லா முகவரியிலும் எல்லாப் போர்ட்டையும் பார்க்கும் அமைப்பு ஒன்று இருக்கும், அதைச் சின்ன சர்வர் சப்நெட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் எந்த முகவரியிலிருந்து கிளம்புகிறது என்பதையும் பாருங்கள். ஃபயர்வாலுக்குப் பல இன்டர்ஃபேஸ், பல முகவரி. மேனேஜ்மென்ட் இன்டர்ஃபேஸின் முகவரியிலிருந்து பாக்கெட் போனால், எதிர்ப்பக்கத்திலிருந்து அந்த முகவரிக்குத் திரும்பும் வழியே இல்லாமல் இருக்கலாம். பதில் கிளம்பும், வந்து சேராது.

இதற்கு நேர் எதிர்: /24-இல் 254 முகவரியிலும் கருவி இருப்பதாகக் காட்டுகிறது!

அங்கே 254 கருவிகள் இல்லை, நடுவில் யாரோ எல்லோருக்குமாகப் பதில் சொல்கிறார்கள். முதல் சந்தேகம் பிராக்ஸி ஏஆர்பி: ஏதோ ஒரு ரௌட்டரோ ஃபயர்வாலோ அந்த ரேஞ்சின் எந்த முகவரியைக் கேட்டாலும் "நான்தான்" என்கிறது, பெரும்பாலும் நாட் (ஒரு முகவரியை வேறொன்றாக மாற்றுவது) விதியில் ரேஞ்சை அகலமாக எழுதியதன் விளைவு. அடுத்த சந்தேகம், வழியில் இருக்கும் இன்னொரு ஃபயர்வாலின் சின் ஃப்ளட் (பொய்த் தொடர்புக் கோரிக்கைகளால் மூழ்கடிக்கும் தாக்குதல்) பாதுகாப்பு. இல்லாத முகவரிக்கும் அதுவே கைகுலுக்கிவிடும். 80, 443 மட்டும் எல்லா முகவரியிலும் திறந்திருப்பதாகத் தெரிந்தால் டிரான்ஸ்பரன்ட் பிராக்ஸி (நடுவில் நின்று வெப் டிராஃபிக்குக்குத் தானே பதில் சொல்வது). யாரும் பயன்படுத்தாத ஒரு முகவரியை எடுத்து அதை மட்டும் ஸ்கேன் செய்தால் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

தனியாக ஒரு ஸ்கேனர் வைத்திருக்கிறோம், அது ஃபயர்வால் வழியாகத்தான் போகிறது. ரூல் எப்படி எழுத?

சோர்ஸில் ஸ்கேனரின் ஒற்றை முகவரி, /32. டெஸ்டினேஷனில் நீங்கள் தயாரித்த அதே ரேஞ்ச் ஆப்ஜெக்ட் குழு. சேவை எல்லாம். ஐபிஎஸ் (ஊடுருவலைக் கண்டு தடுக்கும் பகுதி) உள்ளிட்ட சோதனைகள் இந்த ரூலில் மட்டும் அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐபிஎஸ் பாதிப் பாக்கெட்டைத் தடுத்து முடிவைப் பொய்யாக்கும், போதாக்குறைக்கு ஸ்கேனரையே கறுப்புப் பட்டியலில் போட்டுவிடும். சோர்ஸ் நாட் வேண்டாம். லாக் கட்டாயம் வேண்டும். இப்படி ஒரு ரூல் இருக்கும் நெட்வொர்க்கில் அந்த ஸ்கேனர்தான் திருடர்களுக்கு முதல் இலக்கு என்பதால், அதற்குள் யார் லாகின் செய்யலாம் என்பதை இறுக்கமாக வையுங்கள். ஸ்கேன் நேரத்துக்கு மட்டும் ரூல் செயல்படும்படி அட்டவணை போட முடிந்தால் இன்னும் நல்லது.

பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து ஸ்கேன் செய்தால் விவரம் அதிகம் கிடைக்கிறதே, கொடுக்கலாமா?

கிடைக்கும், பதிப்பு எண், நிறுவிய மென்பொருள் எல்லாம் வரும். ஆனால் ரேஞ்ச் அகலமாக இருக்கும்போது கொடுக்கவே கூடாது. ரேஞ்சுக்குள் பதில் சொல்லும் ஒவ்வொரு முகவரியிடமும் ஸ்கேனர் அந்தக் கணக்கைக் காட்டி உள்ளே நுழையப் பார்க்கும். அங்கே ஒருவர் போலியான விண்டோஸ் சேவை ஒன்றைத் திறந்து வைத்துக் காத்திருந்தால், உங்கள் அட்மின் கணக்கின் ஹாஷ் (கடவுச்சொல்லின் மறைவடிவம்) அவர் கைக்குத் தானாகப் போய்ச் சேரும். அவர் எதையும் உடைக்க வேண்டியதில்லை, நீங்கள் வருவதற்குக் காத்திருந்தால் போதும். விருந்தினர் வைஃபை, பொது இடத்தில் சுவர் பிளக் இருக்கும் சப்நெட், இணையத்தை நோக்கிய ஜோன் எதுவும் அந்த ரேஞ்சில் வரக்கூடாது. சர்வர் சப்நெட்டுக்கு மட்டும், அதற்கென்றே உண்டாக்கிய குறைந்த உரிமை உள்ள கணக்கோடு. டொமைன் அட்மின் கணக்கை இங்கே போடுபவர்களை இன்றும் பார்க்க முடிகிறது, என்ன சொல்ல.

பொது ஐபி முகவரிகளைச் சேர்க்கலாமா?

உங்கள் பெயரில் ஒதுக்கியிருந்தால் மட்டும். சேவை நிறுவனம் உங்களுக்கு 203.0.113.8/29 கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால் அந்த எட்டுக்குள் மட்டும் நில்லுங்கள், வான் (இணையப் பக்கம் இருக்கும்) இன்டர்ஃபேஸின் மாஸ்க்கைப் பார்த்து முழு /24-ஐ எழுதினால் பக்கத்து வாடிக்கையாளர்களை ஸ்கேன் செய்தவர் ஆவீர்கள். அனுமதி இல்லாமல் அடுத்தவர் முகவரியை ஸ்கேன் செய்வது பல நாடுகளில் சட்டச் சிக்கல், சேவை ஒப்பந்தத்திலும் பெரும்பாலும் தடை. வான் முகவரி 100.64.0.0/10-க்குள் இருந்தால் அது சேவை நிறுவனம் பலருக்கும் பகிர்ந்து கொடுக்கும் தொகுதி, அங்கே கை வைக்க வேண்டாம்.

இன்னொன்று: உங்கள் பொது முகவரியை உள்ளே இருந்து ஸ்கேன் செய்தால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது தெரியாது. அதற்கு வெளியே ஒரு இடத்திலிருந்து ஸ்கேன் செய்ய வேண்டும்.

இரண்டு கிளைகளிலும் 192.168.1.0/24 தான். எப்படி எழுதுவது?

ஒரே ஃபயர்வாலிலிருந்து நேரடியாக முடியாது, ஒரே முகவரிக்கு இரண்டு வழி இருக்க முடியாதே. ஒவ்வொரு கிளையின் ஃபயர்வாலும் தன் சப்நெட்டைத் தானே ஸ்கேன் செய்து முடிவை மையத்துக்கு அனுப்புவது நல்ல தீர்வு. விபிஎன் வழியாகப் போகும் பாக்கெட்டும் மிச்சம். மையத்தில் பட்டியலைச் சேர்க்கும்போது கிளையின் பெயரும் அடையாளத்தில் ஒரு பகுதியாக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் இரண்டு 192.168.1.10-உம் ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டே இருக்கும். விபிஎன்னில் ஒரு கிளையை வேறு ரேஞ்சாக நாட் செய்து ஸ்கேன் செய்யவும் முடியும். வேலை செய்யும், ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவருக்கு அந்தப் பட்டியலில் இருக்கும் முகவரி எங்கேயுமே இல்லாத முகவரியாகத் தெரியும்.

விருந்தினர் வைஃபையை ஸ்கேன் செய்யலாமா?

அசெட் பட்டியலுக்காக என்றால் வேண்டாம். அவை உங்கள் கருவிகளே இல்லை. 2019-இல் ஆண்ட்ராய்டு 10, 2020-இல் ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து ஃபோன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு மாற்று மேக் முகவரியைக் காட்டுகின்றன, ஆகவே அந்தப் பட்டியல் வீங்கிக்கொண்டேதான் போகும். அப்படிப்பட்ட மேக்கை அடையாளம் காண ஒரு வழி உண்டு: அதன் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருக்கும். ஊழியர் வைஃபையில் இதை வைத்து வடிகட்டலாம்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை ஓட்ட வேண்டும்?

சிஐஎஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் கட்டுப்பாடுகளின் எட்டாம் பதிப்பு தினமும் என்கிறது. அமெரிக்க அரசுத் துறைகளுக்கு அந்நாட்டு சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா 2022-இல் போட்ட 23-01 எண் உத்தரவு 7 நாளுக்கு ஒருமுறை என்கிறது. என் கருத்து, எல்லாவற்றுக்கும் ஒரே கால அளவு வைக்காதீர்கள். யார் இருக்கிறார் என்று மட்டும் பார்ப்பது தினமும், போர்ட் பார்ப்பது வாரம் ஒருமுறை. பயனர் சப்நெட்டை வேலை நேரத்தில் ஓட்டுங்கள், நள்ளிரவில் ஓட்டினால் மடிக்கணினிகள் எல்லாம் மூடியிருக்கும், பட்டியல் காலியாக வரும். சர்வர் சப்நெட்டை பேக்கப் ஓடாத நேரத்தில். டிஎச்சிபி லீஸ் காலத்தையும் (கொடுத்த ஐபி ஒரு கருவியிடம் இருக்கும் காலம்) பாருங்கள். விண்டோஸ் சர்வரில் இயல்பாக 8 நாள். நீங்கள் அதை 4 மணி நேரமாகக் குறைத்திருந்தால், வாராந்தர ஸ்கேனில் வரும் ஐபி யாருடையது என்று மறுநாளே சொல்ல முடியாது.

ஸ்கேன் ஓடும்போது இணையமே மெதுவாகிறது.

ஒரு /24-இல் 254 முகவரி, ஒவ்வொன்றிலும் 1000 போர்ட் என்றால் 2,54,000 முயற்சிகள். தனி ஸ்கேனர் ஃபயர்வால் வழியாகப் போனால் அனுமதிக்கப்பட்ட ஒவ்வொரு முயற்சிக்கும் செஷன் டேபிளில் (நடக்கும் தொடர்புகளின் பட்டியல்) ஒரு இடம் போகும், பதில் வராதவை நேரம் முடியும்வரை அங்கேயே கிடக்கும். சின்ன ஃபயர்வாலில் மற்றவர்களுக்கு இடம் இருக்காது. ஒரே நேரத்தில் எத்தனை முகவரி, நொடிக்கு எத்தனை பாக்கெட் என்ற அமைப்பைக் குறையுங்கள்.

லினக்ஸ் அடிப்படையிலான ஃபயர்வால் என்றால் இன்னொரு வரம்பும் இருக்கிறது. நேரடியாக இணைந்த சப்நெட்டில் ஆள் இல்லாத முகவரியைத் தட்டும்போதும் நெய்பர் டேபிளில் (எந்த ஐபிக்கு எந்த மேக் என்ற பட்டியல்) ஒரு பதிவு உண்டாகும். லினக்ஸ் கர்னலில் அதன் இயல்பான மேல் வரம்பு 1024 பதிவுகள். முக்கால்வாசி காலியாக இருக்கும் ஒரு /20-ஐ வேகமாக ஸ்கேன் செய்தால் டேபிள் நிரம்பி, லாக்கில் ஓவர்ஃப்ளோ என்று வரும், ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த கணினிகளுக்கும் தொடர்பு விட்டு விட்டு வரும். எல்லோரும் இணைய இணைப்பைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். பெரிய சப்நெட்டை /24 துண்டுகளாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுங்கள்.

ஐபிவி6 ரேஞ்ச் எழுதலாமா?

மிக நீளமான முகவரிகள் கொண்ட புதிய முறையான ஐபிவி6-க்கு ரேஞ்ச் எழுதிப் பயனில்லை. ஒரே ஒரு /64-இல் 2-இன் 64-ஆம் அடுக்கு அளவு முகவரிகள், நொடிக்குப் பத்து லட்சம் வீதம் பார்த்தாலும் ஐந்து லட்சத்து எண்பதாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். ஐபிவி6-க்கு ஃபயர்வாலின் நெய்பர் டேபிள், டிஎச்சிபிவி6 பதிவு, டிஎன்எஸ் (பெயரை ஐபியாக்கும் சேவை) இவற்றிலிருந்துதான் பட்டியல் எடுக்க வேண்டும். அப்படிக் கிடைத்த தனி முகவரிகளை வேண்டுமானால் ஸ்கேனில் கொடுங்கள். நாங்கள் ஐபிவி6 பயன்படுத்துவதில்லை என்று சொல்லும் இடங்களிலும் நெய்பர் டேபிளைத் திறந்து பாருங்கள், கணினிகள் தங்களுக்குள் எஃப்ஈ80-இல் தொடங்கும் முகவரிகளில் பேசிக்கொண்டிருக்கும்.

கிளவுடில் இருக்கும் சப்நெட்?

அங்கே ஸ்கேன் இரண்டாம்பட்சம். என்ன ஓடுகிறது என்று கிளவுடின் ஏபிஐயிடம் (மென்பொருள் வழியாக விவரம் கேட்கும் வாசல்) கேட்டாலே முழுப் பட்டியல் வரும், பதில் சொல்லாதது, அணைத்து வைத்தது உட்பட.

ரேஞ்சிலிருந்து ஒரு சப்நெட்டை எடுத்துவிட்டோம், அதன் பழைய கருவிகள் இன்னும் பட்டியலில் இருக்கின்றனவே?

பெரும்பாலான ஃபயர்வால்களில் ரேஞ்சை எடுப்பது அடுத்த ஸ்கேனைத்தான் பாதிக்கும், ஏற்கெனவே சேர்ந்த பதிவுகளைத் தொடாது. சில நாள் காணவில்லை என்றால் ஆஃப்லைன் என்று குறிக்கும், இன்னும் சில நாள் கழித்து நீக்கும், அந்த நாள் கணக்கை நீங்கள் அமைக்கலாம். அவசரப்பட்டுக் கையால் அழிப்பதற்கு முன், அந்தப் பதிவுகளை எந்தப் பாலிசியாவது பயன்படுத்துகிறதா என்று தேடுங்கள். கருவியின் வகையை வைத்து ரூல் எழுதியிருந்தால், பதிவு போனதும் அந்தக் கருவி "தெரியாதது" ஆகி வேறு ரூலில் போய் விழும்.